முதல் செமஸ்டர், கேட்டுக்கு வெளியே

நாமக்கல்லில் ஜெராக்ஸ் கடைக்கா பஞ்சம்? பஸ் ஸ்டாண்டைச் சுற்றி மட்டுமே பத்துக் கடை இருக்கும். ஆனாலும் சண்முகப்பிரியா எருமப்பட்டியிலிருந்து நாமக்கல் வந்து, அங்கே பஸ் மாறி, ராசிபுரம் போகிற வழியில் ஒரு பொறியியல் கல்லூரியின் கேட்டுக்கு நேர் எதிரே இருந்த பூபதியின் கடைக்குத்தான் வேலைக்குப் போனாள். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். அவளுடைய அம்மா பழனியம்மாளுக்கு இது பிடிபடவே இல்லை.

"ஏஞ்சாமி, பக்கத்துல வேலையே கெடைக்கிலியா? அத்தன தூரம் எதுக்குப் போயிட்டு வாரே?"

"அங்கதாம்மா கம்ப்யூட்டர் நல்லா இருக்குது" என்றாள் சண்முகப்பிரியா. அதற்குமேல் அம்மாவிடம் என்ன சொல்வது? அந்தக் கல்லூரியில் அவளுக்கு ஓர் இடம் இருந்தது. இரண்டே நாள் இருந்தது. பிறகு இல்லாமல் போனது.

எருமப்பட்டிப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பிலிருந்து அவளும் மோனிஷாவும் ஒரே பெஞ்சு. சண்முகப்பிரியா முதல் ரேங்க், மோனிஷா இரண்டாவது. பரீட்சைக்குப் பரீட்சை அப்படித்தான். பிளஸ் டூ முடிந்ததும் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து கலந்தாய்வுக்கு விருப்பப் பட்டியல் போட்டார்கள். முதல் வரியில் இரண்டு பேருக்கும் ஒரே கல்லூரி, ஒரே கம்ப்யூட்டர் சயின்ஸ். தற்காலிக ஒதுக்கீடு வந்த புதன்கிழமை காலையில் மோனிஷா சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து வாசலிலேயே கத்தினாள். "கெடச்சிருச்சு புள்ள, ரெண்டு பேருக்கும் கெடச்சிருச்சு!" வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் இணையதளத்தில் உறுதி செய்ய வேண்டும். ஒரு பொத்தானை அமுக்கினால் போதும்.

அந்தப் புதன்கிழமை மத்தியானம்தான் அவள் அப்பா குழந்தைவேல் சோளத்தட்டு ஏற்றிய வண்டியின் மேலிருந்து சறுக்கி விழுந்தார். முதுகெலும்பில் அடி. சேலத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். வீட்டில் இருந்த ஒரே ஸ்மார்ட் போன் அந்த அவசரத்தில் வண்டிச் சக்கரத்தடியில் சிக்கி உடைந்திருந்தது. வியாழக்கிழமை காலையில் ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரரிடம் போனை வாங்கி மோனிஷாவைக் கூப்பிட்டாள். பாஸ்வேர்டைச் சொன்னாள். "எனக்கும் சேத்து நீயே அமுக்கிருடி."

"நான் பாத்துக்கறேன் புள்ள. நீ அப்பாவப் பாரு."

வெள்ளிக்கிழமை மறுபடி கூப்பிட்டபோது மோனிஷாவின் குரல் வேறு மாதிரி இருந்தது. சைட் தொங்கிவிட்டது, எத்தனை முறை முயன்றும் திறக்கவில்லை, மணி ஐந்தாகிவிட்டது என்றாள். அழுதாள். சண்முகப்பிரியாதான் அவளைச் சமாதானப்படுத்தினாள். துணைக் கலந்தாய்வு வந்தபோது அப்பாவுக்குப் புரண்டு படுக்கவே இரண்டு ஆள் வேண்டியிருந்தது. அம்மா ஒருத்தியால் ஆகாது. அந்த வருஷம் அப்படியே போயிற்று. அக்டோபரில் அவர் சுவரைப் பிடித்து எழுந்து உட்கார ஆரம்பித்த பிறகுதான் அவள் வேலை தேடினாள்.

கடைக்காரர் பூபதி, போர்வெல் லாரியோடு வடக்கே பத்து வருஷம் சுற்றிவிட்டு வந்து கடை வைத்தவர். இரண்டு ஜெராக்ஸ் மெஷின், ஒரு கம்ப்யூட்டர், ஸ்பைரல் போடும் கருவி. நல்ல மனுஷன். வேலை கற்றுக்கொடுத்த முதல் நாளே, "பசங்க அவசரத்துல வருவாங்க அம்மணி. திட்டுனா காதுல வாங்காதே" என்று மட்டும் சொன்னார்.

முதல் செமஸ்டர் அவளிடம் தாள் தாளாக வந்தது. ஒருநாள் பாடத்திட்டம், நூற்றிருபது பிரதி. மறுநாள் கணித முதல் யூனிட், யாரோ ஒருத்தியின் குண்டுக் கையெழுத்தில். இயற்பியல் வினா வங்கி. வேதியியலில் தண்ணீரின் கடினத்தன்மை. பைத்தான் ஆய்வகத்தில் செய்ய வேண்டிய பயிற்சிகளின் பட்டியல். மெஷின் அடியில் தாள் சிக்கிக் கசங்கினாலோ, மை மங்கி விழுந்தாலோ பூபதி அதைக் கழிவுப் பெட்டியில் போடச் சொல்வார். அவள் எடுத்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்வாள். நாமக்கல் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் படிப்பாள். சில பாடங்களில் நடுப்பக்கம் இருக்காது. அது எப்போது கசங்கும் என்று காத்திருக்க வேண்டும். அணிக்கோவைக் கணக்கில் ஒரு தேற்றத்தின் பின்பாதிக்காகப் பன்னிரண்டு நாள் காத்திருந்தாள்.

ஆள் இல்லாத நேரத்தில் கடைக் கம்ப்யூட்டரில் பைத்தான் எழுதிப் பார்த்தாள். இரண்டு எண்களை இடம் மாற்றுவது, பெரிய எண்ணைக் கண்டுபிடிப்பது. முதல் நிரல் தப்பில்லாமல் ஓடியபோது திரும்பிப் பார்த்தாள். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. பூபதி டோனர் மாற்றிக்கொண்டிருந்தார்.

தாளில் வராதது ஆய்வகம்தான். "பிப்பெட்டில் இருபது மில்லி எடுத்து" என்று ரெக்கார்டு நோட்டில் இருக்கும். எடுத்தால் கை நடுங்குமா, நிறம் மாறுகிற அந்தத் துளி எப்படி இருக்கும் என்று தாள் சொல்லாது. மாலை நாலரைக்குக் கல்லூரி விட்டதும் வெள்ளைக் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு பெண்கள் வருவார்கள். சிலர் கோட்டில் பழுப்புக் கறை இருக்கும். அந்தக் கறையைப் பார்த்துக்கொண்டே எத்தனை பிரதி என்று கேட்க மறந்து நிற்பாள்.

மோனிஷா மட்டும் கடைப் பக்கம் வரவே இல்லை. நீல நிறக் கழுத்துப் பட்டையில் அடையாள அட்டை தொங்க, தோழிகளோடு கேட்டைத் தாண்டுவாள். சாலையின் இந்தப் பக்கம் பார்க்காமலே பஸ் நிறுத்தத்துக்குப் போய்விடுவாள். பார்த்திருக்க மாட்டாள் என்று முதல் வாரம் சண்முகப்பிரியா நினைத்தாள். இரண்டாவது வாரமும் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள்.

நவம்பரில் ஒருநாள் பூபதி பிரதி எடுத்த தாள் கட்டு ஒன்றை அவள் கையில் கொடுத்தார். "காலேஜ் ஆபீஸ்ல குடுத்துட்டு வந்துரு அம்மணி. எனக்கு மூட்டு வலிக்குது."

கேட்டில் காவலாளி நோட்டை நீட்டினார். பெயர், எங்கிருந்து, எதற்காக. எங்கிருந்து என்ற இடத்தில் 'ஜெராக்ஸ் கடை' என்று எழுதினாள். கட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது வேண்டுமென்றேதான் முதலாண்டு கட்டிடத்தின் பக்கமாக நடந்தாள். கீழ்த்தளத்தில் ஒரு வகுப்பு. ஜன்னல் திறந்திருந்தது. கணித ஆசிரியை பலகையில் மூன்றுக்கு மூன்று அணி ஒன்றை எழுதியிருந்தார். மூலைவிட்டத்தில் ஆறு, மூன்று, மூன்று. "ஐகன் மதிப்புல ரெண்டு தெரியும். ரெண்டு, இன்னொரு ரெண்டு. மூணாவது என்ன? யாராவது சொல்லுங்க."

எட்டு. மூலைவிட்டத்தைக் கூட்டினால் பன்னிரண்டு, நாலு போக எட்டு. தொண்டை வரை வந்துவிட்டது. வகுப்பில் யாரும் வாய் திறக்கவில்லை. ஆசிரியை இன்னொரு முறை கேட்டார். சண்முகப்பிரியா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது பெஞ்சில் மோனிஷா நோட்டைப் பார்த்துக் குனிந்திருந்தாள். பள்ளியில் இந்த மாதிரி நேரத்தில் சண்முகப்பிரியாவின் முழங்கை அவள் விலாவில் இடிக்கும். பதில் தானாக அந்தப் பக்கம் போகும். இப்போது அந்த இடத்தில் வேறு ஒரு பெண் இருந்தாள். மோனிஷா ஏதோ தோன்றித் தலை தூக்கினாள். ஜன்னலைப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சண்முகப்பிரியாதான் முதலில் நகர்ந்தாள்.

மறுநாள் மத்தியானம் கடை வாசலில் மோனிஷா வந்து நின்றாள். கையில் பைத்தான் ரெக்கார்டு நோட்டு.

"பிரிண்ட் எடுக்கோணும்" என்றாள், யாரோ ஒருத்தியிடம் சொல்வதுபோல.

"குடு" என்று பென்டிரைவை வாங்கினாள் சண்முகப்பிரியா. திரையில் நிரலைத் திறந்ததும் கண் தானாகப் படித்தது. "இது நிக்காதுடி."

"என்னது?"

"இந்த லூப்பு. எண்ணோட கடைசி இலக்கத்த எடுக்கறே, கூட்டறே. ஆனா எண்ணக் கொறைக்கவே இல்லியே? அப்பறம் எப்ப நிக்கும்? பத்தால வகுத்து ஒரு வரி போடோணும்."

மோனிஷா திரையையே பார்த்தாள். "லேப்ல அரை மணி நேரம் ஓடிட்டே இருந்துச்சு. சார் எல்லாத்து முன்னாலயும் திட்டுனாரு." பிறகு மெதுவாகக் கேட்டாள். "உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

சண்முகப்பிரியா கழிவுப் பெட்டியைக் காட்டினாள். மோனிஷாவின் முகம் கோணிற்று. நோட்டை எடுத்துக்கொண்டு, பிரிண்டை வாங்காமலே போய்விட்டாள்.

ஆனால் அடுத்த நாள் டிபன் டப்பாவோடு வந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். ஒன்றிலிருந்து ஒன்றே முக்கால் வரை இடைவேளை. ஸ்பைரல் கருவிக்குப் பின்னால் இரண்டு ஸ்டூல். முதல் உள்தேர்வில் மோனிஷா கணிதத்திலும் பைத்தானிலும் தோற்றிருந்தாள். தமிழ் வழியில் படித்துவிட்டு இங்கிலீஷில் எல்லாம் காதுக்கு மேலேயே பறந்து போகிறது என்றாள். சண்முகப்பிரியா எருமப்பட்டிப் பேச்சிலேயே வகைக்கெழுவைச் சொன்னாள். மோனிஷா பதிலுக்கு ஆய்வகத்தைச் சொன்னாள். லேசர் விளக்கின் சிவப்புப் புள்ளி சுவரில் எப்படிச் சிதறும், பிப்பெட்டை உறிஞ்சும்போது வாயில் புளிப்பாக ஏறிவிட்டால் எல்லாரும் எப்படிச் சிரிப்பார்கள். சண்முகப்பிரியா சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். "அந்தக் கலரு மாறறப்போ ஒரேயடியா மாறுமா, கொஞ்சங்கொஞ்சமாவா?"

"ஒரே சொட்டுடி. முன்னாடி சொட்டு வரைக்கும் ஒண்ணும் இருக்காது."

இரண்டாவது உள்தேர்வில் மோனிஷா எல்லாப் பாடத்திலும் தேறினாள். அன்று ரோட்டைக் கூடப் பார்க்காமல் ஓடி வந்தாள். அந்த முக்கால் மணி நேரத்துக்காகத்தான் காலையில் கண் விழிக்கிறோம் என்று சண்முகப்பிரியாவுக்குத் தெரியும். பஸ் தாமதமானாலும் கோபம் வரவில்லை. வீட்டில் அம்மா கூட, "மொகத்துல இப்பத்தான் ரத்தம் ஓடுது" என்றாள்.

வகுப்புகள் முடிய நாலு நாள் இருந்தபோது மோனிஷா டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"அன்னிக்கு சைட் தொங்கல" என்றாள்.

சண்முகப்பிரியாவுக்கு முதலில் புரியவில்லை.

"நாலு மணிக்கே ஞாபகம் இருந்துச்சு. உன்ற பாஸ்வேர்டப் போட்டு உள்ளயும் போயிட்டேன். பட்டன் கண்ணு முன்னால இருந்துச்சு. அப்ப ஒரு நெனப்பு வந்துச்சுடி. நீயும் வந்தீன்னா காலேஜ்லயும் நான் ரெண்டாவதுதான்னு. போனக் கவுத்து வெச்சுட்டு எந்திரிச்சுட்டேன். அஞ்சு நிமிசம் கழிச்சு வந்து அமுக்கிக்கலாம்னுதான் இருந்தேன். சித்தப்பா ஊட்டுல இருந்து ஆளு வந்துட்டாங்க. காப்பி வெச்சுக் குடுத்தேன். திரும்பி வந்து பாத்தா மணி அஞ்சே கால்."

அந்த நேரம் பார்த்து ஒரு பையன் ரெக்கார்டு நோட்டோடு வந்து நின்றான். சண்முகப்பிரியா எழுந்தாள். "ஒரு பக்கமா, ரெண்டு பக்கமும் வரோணுமா?" என்று அவனிடம் கேட்டாள். நாற்பது பக்கம். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி வைத்து எடுத்தாள். அடுக்கினாள். துளை போட்டாள். ஸ்பைரல் கம்பியைச் சுற்றினாள். அவன் போன பிறகு திரும்பிப் பார்த்தபோது மோனிஷா இல்லை. டிபன் டப்பா ஸ்டூல் மேலேயே இருந்தது.

வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தும் அவள் எதையும் படிக்கவில்லை. அமுக்காத அந்தப் பொத்தானைக் காட்டிலும் அவளை அதிகம் அறுத்தது வேறொன்று. சைட் தொங்கியது என்று அழுத குரலுக்கு ஆஸ்பத்திரி நடையில் நின்று, "உடுடி, நீ என்ன பண்ணுவே" என்று தான் ஆறுதல் சொன்னது. வீட்டில் அப்பா சுவரோரம் உட்கார்ந்து அவளுக்காகக் காத்திருந்தார். "ஏஞ்சாமி, ஒடம்பு செரியில்லியா?" என்றார். தன்னால்தான் அவள் படிப்பு போனது என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியும். உண்மையைச் சொல்லிவிட்டால் அவர் பாரம் இறங்கும். மோனிஷாவின் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. "ஒண்ணுமில்லீங்கப்பா" என்று உள்ளே போனாள்.

மோனிஷா வரவில்லை. சண்முகப்பிரியாவும் எதிர்பார்க்கவில்லை என்று சொல்லிக்கொண்டாள். ஒரு மணி ஆனதும் கண் மட்டும் கேட்டுக்குப் போனது.

ஜனவரியில் செமஸ்டர் தேர்வு ஆரம்பித்தது. முதல் தேர்வு இங்கிலீஷ். மத்தியானம் மோனிஷா வந்தாள். வினாத்தாளைக் கவுண்டரில் ஸ்டேப்ளருக்கு அடியில் வைத்துவிட்டுப் போனாள். சண்முகப்பிரியா அதைத் தொடவில்லை. மாலையில் கடை சாத்தும்போது பூபதிதான் எடுத்து டிராயரில் போட்டார்.

இரண்டாவது, கணிதம். மோனிஷா அதேபோல வைத்துவிட்டுப் போனாள். சண்முகப்பிரியா வேறு பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு இழுத்துப் பார்த்தாள். மேலே பதிவு எண் எழுதப் பன்னிரண்டு கட்டம். கீழே கேள்விகள். முதல் பகுதியில் ஒன்பது தெரிந்தது. பத்தாவது யோசித்தால் வரும்.

பூபதி கவனித்துக்கொண்டிருந்தார். "எழுதோணும்னா எழுது அம்மணி. தேர்வு நேரத்துல கடைக்கு எவன் வாரான்?"

"எழுதி என்னங்கண்ணா ஆகப் போகுது? யாரு திருத்துவாங்க?"

"அது எனக்குத் தெரியாது. மூணு மாசமா நீ அந்தக் குப்பத் தாளத் தடவித் தடவிப் பாக்கறதப் பாத்துட்டுத்தான இருக்கறேன்."

ஒரு பக்கம் அச்சு விழுந்த தாள்களின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். மணியைப் பார்த்து வைத்துக்கொண்டாள். மூன்று மணி நேரம். நடுவில் இரண்டு முறை ஆள் வந்தது, பூபதி பார்த்துக்கொண்டார். ஐந்து மணிக்கு நிறுத்தியபோது விரல் வலித்தது. எழுதியதை எண்ணிப் பார்த்தாள், இருபத்தாறு பக்கம். யாரிடமும் கொடுக்க முடியாத அந்த இருபத்தாறு பக்கத்தையும் நூலால் கட்டி வைத்தாள். அழுகை வரவில்லை. இயற்பியலும் வேதியியலும் அப்படியே நடந்தன. தமிழர் மரபு என்ற பாடத்தை எழுதி முடிக்க ஒன்றரை மணி நேரமே ஆயிற்று. மோனிஷா தினமும் வைத்தாள், தினமும் போனாள்.

கடைசித் தேர்வு பைத்தான். அன்று தாளை வைத்த பிறகும் மோனிஷா போகவில்லை.

சண்முகப்பிரியா வினாத்தாளை மேலிருந்து கீழ் வரை படித்தாள். "பதிமூணாவது எழுதுனியா?"

"எழுதுனேன். லூப்ப நிறுத்திட்டேன்." மோனிஷா கவுண்டரைப் பிடித்துக்கொண்டாள். "திட்டிரு புள்ள. ஒரு அடி அடிச்சாக் கூடப் பரவால்ல."

"திட்டுனா எனக்கு எடம் வருமா?" சண்முகப்பிரியா தாளை மடித்தாள். "உன்ன நெனச்சா இன்னும் வயிறு எரியுது. எப்ப அடங்கும்னு எனக்கே தெரியல. நீ வராம இருந்த நாளுங்க இருக்குதே, அதுவும் எரிஞ்சுது. ரெண்டையும் வெச்சுட்டு நான் என்ன பண்றது, சொல்லு."

மோனிஷா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டாவது செமஸ்டர் நோட்டெல்லாம் நான் கொண்டாந்து தாரேன். ஒண்ணு விடாம."

"வேண்டாம்."

"ஏன்டி?"

"இனி வெளிய உக்காந்து படிக்க மாட்டேன். உள்ள போயித்தான் படிக்கோணும்." சொல்லும் வரை அவளுக்கே அது தெரியாது.

மோனிஷா தலையாட்டினாள். கடையிலிருந்து இறங்கி, சாலையைக் கடக்கும் முன் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். சண்முகப்பிரியா கை அசைக்கவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் நின்றாள்.

ஜூன் மாதம் அவள் மறுபடியும் விண்ணப்பித்தாள். குழந்தைவேல் அதற்குள் கம்பு ஊன்றித் தோட்டம் வரை போய் வரும் நிலைக்கு வந்திருந்தார். விருப்பப் பட்டியலில் ராசிபுரம் பக்கத்துக் கல்லூரியை அவள் எழுதவே இல்லை. மோனிஷாவுக்கு ஒரு வகுப்பு கீழே, தினமும் அதே கேட்டுக்குள், அது தன்னால் முடியும் என்று தோன்றவில்லை. சேலத்தில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்தது. பூபதிக்கு வருத்தம்தான். "போயிட்டு வாரேனுங்கண்ணா" என்றபோது, "போயிட்டு லீவுல வா" என்று மட்டும் சொல்லி, மெஷினைத் துடைக்கத் திரும்பிக்கொண்டார். அப்பாவிடம் அவள் கடைசி வரை உண்மையைச் சொல்லவில்லை. "உங்களால ஒண்ணும் போகலீங்கப்பா" என்று மட்டும் கிளம்பும் அன்று சொன்னாள். அவர் நம்பினாரோ என்னவோ.

சேலம் அஸ்தம்பட்டியில் பெண்கள் விடுதி. முதல் வாரம் வகுப்பில் எல்லாரும் மிரண்டு போயிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்த ஆத்தூர்ப் பெண் தனப்பிரியா, "இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?" என்று வாய் பிளந்தாள். சண்முகப்பிரியாவுக்கு அவளைப் பிடித்திருந்தது. ஆனாலும் ஆசிரியர் ஏதாவது தப்பாக உச்சரித்தால், சிரிக்கத் திரும்பும்போது, அந்தச் சிரிப்பு தனப்பிரியாவுக்குப் போய்ச் சேரவில்லை. ஏழு வருஷத்துப் பழக்கம் அது. ஒரு வாரத்தில் வருமா?

சனிக்கிழமை மத்தியானம் விடுதிக்கு வெளியே ஏற்காடு ரோட்டோர நிறுத்தத்தில் நின்றுகொண்டு மோனிஷாவுக்கு எழுதினாள். ஏழெட்டு மாதத்தில் முதல் செய்தி. வகுப்பைப் பற்றி, சாப்பாட்டைப் பற்றி, இங்கிலீஷ் சார் 'மேட்ரிக்ஸ்' என்பதை எப்படிச் சொல்கிறார் என்பதைப் பற்றி. மன்னிப்பு என்ற சொல் எதிலும் வராமல் பார்த்துக்கொண்டாள். நீளமாகப் போய்விட்டது. பாதியை அழித்தாள், பிறகு அழித்ததை மறுபடி எழுதினாள். கடைசியில், "மூணாவது செமஸ்டர் எப்படிடி இருக்குது?" என்று சேர்த்து அனுப்பினாள்.

அந்தப் பக்கம் யாரோ டைப் செய்வதாகத் திரை காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. பழைய பஸ் ஸ்டாண்டு போகும் பஸ் வந்து நின்றுவிட்டது. சண்முகப்பிரியா ஏறாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்டக்டர் விசில் ஊத, பஸ் நகர்ந்து போனது. அடுத்த பஸ் வரக் கால் மணி நேரம் ஆகும். அவளுக்கு ஒன்றும் அவசரமில்லை.